கம்பியைக் கொளுத்தாதீங்க மக்களே!

இயர்ஃபோன் ஒயர் அறுந்துபோய், அதை ஒட்ட வச்சுப் பார்க்காத ஆளு நம்ம பதிவுலகத்துல ரொம்பக் கம்மியாத்தான் இருப்பாங்க. மேல் தோலை உரிச்சா உள்ளே செவப்பு, பச்சை, செம்புக் கலர்னு தலைமுடி மாதிரி இழைகள். நடுவுல நைலான் நூல் வேற. எல்லாத்தையும் நல்லா முறுக்கி, சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி, ஈயத்தை வச்சா தாமரை இலையில தண்ணி மாதிரி உருண்டு ஓடும். மூணு தடவை முயற்சி, நாலு கெட்ட வார்த்தை, அப்புறம் நேரா குப்பைத்தொட்டி. "செம்புதானே, ஏன் ஒட்ட மாட்டேங்குது?"

ஏன்னா உங்க ஈயம் இன்னும் செம்பைத் தொடவே இல்லை. அந்தச் செவப்பும் பச்சையும் வெறும் அடையாளக் கலர் கிடையாது. ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியாப் போட்ட சட்டை. எனாமல் பூச்சு. மோட்டார், ட்ரான்ஸ்ஃபார்மர், ரிலே, ஸ்பீக்கர்னு காயில் சுத்துற எந்தக் கம்பியா இருந்தாலும் இந்தச் சட்டை உண்டு. கோயமுத்தூர்க் கடைகள்ல எஸ்.இ.சி. ஒயர்னு கேட்டாக் குடுப்பாங்க. சூப்பர் எனாமல்டு காப்பர்ங்கறதோட சுருக்கம். 0.315 மில்லிமீட்டர் கம்பியில (30 கேஜ்னு சொன்னாத்தான் நம்மாளுகளுக்குப் புரியும்) இந்தப் பூச்சோட தடிமன் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ரெண்டு பங்குகூட வராது. அந்தத் துளியூண்டு சட்டைதான் ஒரு சுத்துல இருந்து பக்கத்துச் சுத்துக்குக் கரண்டு தாவாமத் தடுக்குது.

சரி, நுனியில மட்டும் அந்தச் சட்டையைக் கழட்டுறது எப்படி? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "லைட்டர்ல காட்டு, எரிஞ்சிரும்."

அந்தப் பதிலுக்கு எதிராத்தான் இந்தப் பதிவு. கொளுத்தாதீங்க. கொளுத்துனா கம்பியும் கெடுது, உங்க மூச்சும் கெடுது. அதோட பாதி நேரம் கொளுத்த வேண்டிய அவசியமே இல்லை.

"எங்க வைண்டிங் கடை அண்ணன் முப்பது வருசமா அப்படித்தான் பண்றாரு"ன்னு சண்டைக்கு வரப்போறவங்க கொஞ்சம் பொறுங்க. வைண்டர்கள் மேல எனக்கு எச்சான மரியாதை உண்டு. இந்த ஊரே அவங்க கையிலதான் ஓடுது. 1930-கள்ல பைக்காராவுல இருந்து கரண்டு வந்தப்புறம்தான் கோயமுத்தூர் மில்லு ஊரா, மோட்டார் ஊரா ஆச்சு. ஜி.டி. நாயுடுவும் டெக்ஸ்டூல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவிலேயே செஞ்ச முதல் எலெக்ட்ரிக் மோட்டார்னு அதைச் சொல்லுவாங்க. பம்பு, கிரைண்டர்னு அதுக்கப்புறம் வந்த எல்லாத்துக்குள்ளயும் இருக்கறது இந்த எனாமல் கம்பிதான். பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனா பட்டறைச் சத்தம் காதைக் கிழிக்கும். பொள்ளாச்சி, பல்லடம், சூலூர், கோபின்னு எந்த ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு ரீவைண்டிங் கடை இருக்கும். வாசல்ல நாலு ஸ்டேட்டர், உள்ளே வார்னிஷ் வாசம். கிணத்து மோட்டார் எரிஞ்ச விவசாயிக்கு அந்தக் கடைக்காரர்தான் டாக்டர்.

அப்படி ஒரு கடையில நான் அடிக்கடி கம்பி வாங்குவேன். கொஞ்சம் கொஞ்சமா, நூறு கிராம், இருநூறு கிராம். ஒருநாள் அவரு வேலை பார்க்கறதை உக்காந்து பார்த்தேன். 20 கேஜ் கம்பி. நுனியை லைட்டர்ல காட்டுனாரு, கருகுச்சு. உடனே முறுக்கிடலை. பிளேடை எடுத்து நாலு பக்கமும் சொரண்டி, மடிச்ச எமரி பேப்பர்ல ரெண்டு இழு இழுத்து, செம்பு தங்கம் மாதிரி மின்னுன பொறவுதான் முறுக்குனாரு.

"ஏனுங்கண்ணா, எப்படியும் சொரண்டத்தான் போறீங்க, அப்புறம் எதுக்குக் கொளுத்தோணும்?"னு கேட்டேன்.

"நல்லா கேட்டீங்க தம்பி! சுட்டா அது மொறுமொறுன்னு ஆயிரும், சொரண்ட லேசா வருமுங்க. அவ்வளவுதான். 36 கேஜெல்லாம் வந்தா நானும் தீயைக் காட்ட மாட்டேன். கம்பியே போயிருமுங்களே!"

இதுதான் மேட்டர். அவரு கொளுத்துறதை மட்டும் நம்ம பசங்க பார்க்கறாங்க. அதுக்கப்புறம் சொரண்டுறதைப் பார்க்கறதில்லை. அவரு கொளுத்துறது ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்துல தடிமன் இருக்கற கம்பி. நம்ம கையில இருக்கறது 36 கேஜ், அதாவது 0.193 மில்லிமீட்டர். 40 கேஜா இருந்தா 0.122. தீக்குச்சி நெருப்புல காட்டுனாலே நொடியில பழுத்துச் செவந்திரும். காத்துல செம்பு பழுத்தா மேல கருப்பா ஆக்ஸைடு படியும். 20 கேஜுல அது மேல் தோல். 40 கேஜுல உடம்புல பாதியே அதுதான். அதோட சூடு ஏற ஏற உள்ளே செம்போட மணிகள் பெருசாகி கம்பி நொறுங்கற பதத்துக்கு வந்திரும். ரெண்டு தடவை மடக்குனா டப்புன்னு முறியும். இன்னொரு கொடுமை, ஈயத்துக்குள்ள இருக்கற ரோசின் ஃப்ளக்ஸுக்கு லேசான அழுக்கைக் கழுவத் தெரியும், இந்தக் கருப்பு ஆக்ஸைடைக் கழுவற தெம்பு கிடையாது. ஆக, ஒரு பூச்சை எரிச்சுட்டு அதே இடத்துல இன்னொரு பூச்சைப் பூசிட்டு வர்றோம். எனாமலாச்சும் பளபளன்னு இருந்துச்சு :-)

கொளுத்துற பழக்கம் பெருசாகறப்ப என்ன ஆகும்னு ரீவைண்டிங் தொழில்லயே பார்க்கலாம். பழைய காயிலை உருவ முடியலைன்னு ஸ்டேட்டரையே தீயில போட்டு எரிக்கற கடைகள் உண்டு. ஸ்டேட்டர்ங்கறது மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செஞ்சது. தகடுக்குத் தகடு நடுவுல ஒரு பூச்சு இருக்கு. சூடு 370 டிகிரியைத் தாண்டாமப் பார்த்துக்கணும்னு வெளிநாட்டு ரீவைண்டிங் சங்கங்கள் சொல்லுது. தாண்டுனா அந்தப் பூச்சு போயிரும், தகடுகளுக்கு நடுவுல கரண்டு சுழலும், இரும்பே சூடாகும். புதுக் காயில் போட்ட மோட்டார் முன்னைவிடச் சூடா ஓடி, எச்சாக் கரண்டு குடிச்சு, சீக்கிரமே திரும்பக் கடைக்கு வரும். கடைக்காரருக்கு லாபம்னு கிண்டல் பண்ணலாம். கிணத்துல தண்ணி இருந்தும் பாய்ச்ச முடியாம நிக்கறவனுக்கு அது கிண்டல் இல்லை.

இப்ப என்னோட முக்கியமான வாதத்துக்கு வர்றேன். எனாமல்னு பொதுவா ஒரே பேர்ல கூப்பிடறோமே தவிர, உள்ளே பல சாதி சட்டை இருக்கு. எது எந்தச் சட்டைன்னு தெரியாமக் கழட்டப் போறதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

ஆரம்ப காலத்து வால்வு ரேடியோக்கள்ல இருந்தது எண்ணெயும் பிசினும் சேர்த்துக் காய்ச்சின வார்னிஷ். பருத்தி நூல் சுத்துன கம்பியும் இருந்துச்சு. நகத்துல கீறுனாலே வந்திரும் அளவுக்கு சாது. அப்புறம் வந்ததுல ஒண்ணு பாலியூரித்தேன். ஜெர்மனியில லெவர்குசன்ங்கற ஊர்ல ஓட்டோ பேயர்னு ஒரு வேதியியல்காரர் 1937-ல அதைக் கண்டுபிடிச்சாரு. (நம்மூர் மோட்டாருக்கும் அதே வருசம்தான், கவனிச்சீங்களா? ரெண்டுக்கும் சம்பந்தம் ஒண்ணும் இல்லை, சும்மா சொன்னேன்.) பாலியூரித்தேன் பூச்சுக்கு ஒரு அருமையான குணம். போதுமான சூடு பட்டா அதுவே உடைஞ்சு விலகிரும். அந்த வகைக் கம்பிக்கான உலகத் தரக் குறிப்புல சால்டர் சோதனையே 390 டிகிரி ஈயக் குளியல்லதான். முக்குனா போதும், பூச்சு போய் ஈயம் ஏறியிருக்கணும். சொரண்டல் கிடையாது, தீ கிடையாது, ஒண்ணும் கிடையாது.

அடுத்தது பாலியெஸ்டர்-இமைடு. இதுலயும் சால்டருக்குன்னே செஞ்ச ரகம் உண்டு, ஆனா 470 டிகிரி வரைக்கும் கேட்கும். கடைசியா மோட்டார்க் கம்பி. அடியில பாலியெஸ்டர்-இமைடு, மேல பாலிஅமைடு-இமைடுன்னு ரெண்டு சட்டை. கிளாஸ் 200-ன்னு போட்டிருந்தா, 200 டிகிரி சூட்டுல இருபதாயிரம் மணி நேரம் தாக்குப்பிடிக்கற கணக்கு. ராத்திரி பகலா ரெண்டேகால் வருசம் அடுப்புல கெடந்தாலும் தாங்கறதுக்குன்னே செஞ்ச சட்டையை, நம்ம 25 வாட் அயர்னு அஞ்சு நொடியில கழட்டிடும்னு எதிர்பார்க்கறது நியாயமா? நீங்களே சொல்லுங்க.

அதனால நான் சொல்றது: கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி அதுக்கு ஜாதகம் பாருங்க. எங்கேருந்து வந்த கம்பி இது?

பழைய மொபைல் சார்ஜருக்குள்ள இருக்கற குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர், ரிலே, செத்துப்போன சி.எஃப்.எல். பல்புல இருக்கற சின்னக் காயில், இயர்ஃபோன் இழை - இதெல்லாம் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. காரணத்தை யோசிச்சாத் தெரியும். ஃபேக்டரியில கம்பியைப் பின்னுல சுத்தி, அப்படியே ஈயத் தொட்டியில முக்கி எடுத்துருவாங்க. லட்சக்கணக்குல செய்யறப்ப யாரு ஒவ்வொண்ணா உக்காந்து சொரண்டுவாங்க? மாறா மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர், பம்பு மோட்டார்ல இருந்து உருவுனதுன்னா அது சூடு தாங்கற ரகம். ரீவைண்டிங் கடையில நீங்க வாங்கற புதுக் கம்பியும் பெரும்பாலும் அதே ரகம்தான். ஏன்னா அவருக்கு அதுதான் வேணும். கலரை வச்சு முடிவு பண்ணாதீங்க. எந்தப் பூச்சுலயும் சாயம் கலக்கலாம்.

இதுல கடைக்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெரிய ரீலு மேல லேபிள் இருக்கும். சைஸு, கிரேடு, வெப்ப கிளாஸு, பூச்சு வகை, ஐ.எஸ். 13730-ன்னு தர எண் எல்லாம் அதுல அச்சடிச்சிருக்கும். நமக்கு நூறு கிராமை ஒரு அட்டையில சுத்திக் குடுக்கறப்ப அந்த விவரமெல்லாம் ரீலோடயே தங்கிருது. துண்டுச்சீட்டுல ரெண்டு வார்த்தை எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிரும்? அவங்க எழுதலைன்னா நாமளே செல்ஃபோன்ல அந்த லேபிளை ஒரு போட்டோ புடிச்சுக்கணும். நான் அப்படித்தான் பண்றேன். "லேபிளைப் போட்டோ புடிக்கறதுக்குன்னே வர்ற ஆளு"ன்னு ஒரு கடையில பேரே வச்சுட்டாங்க, ஹிஹி.

லேபிளும் இல்லை, பூர்வீகமும் தெரியலையா? ஒரு சோதனை இருக்கு. கம்பியோட நுனியைப் புதுசா ஒருக்கா வெட்டுங்க. வெட்டுவாய்ல மட்டும் செம்பு தெரியும். அயர்னு நுனியில புது ஈயத்தைக் கொஞ்சம் தாராளமா உருக்கி ஒரு சொட்டு நிக்க வையுங்க. வெட்டுன நுனியை அந்தச் சொட்டுக்குள்ள நுழைச்சுப் பிடிங்க. பாலியூரித்தேன்னா சில நொடியில லேசாப் புகையும், பூச்சு சுருங்கும், ஈயம் கம்பி மேல ஊர்ந்து ஏறும். சொட்டைக் கம்பியோட நீளத்துக்கு மெதுவா நகர்த்துனாப் போதும், பின்னாலயே வெள்ளி மாதிரி பூசிக்கிட்டே வரும். பார்க்கறதுக்கே அவ்ளோ சந்தோஷமா இருக்கும். பத்து நொடி வச்சும் ஒண்ணுமே ஆகலைன்னா அது மோட்டார் சாதி. அயர்னைக் கீழ வையுங்க, பிளேடைக் கையில எடுங்க.

இயர்ஃபோன் இழைக்கும் இதே வைத்தியம்தான். நைலான் நூலை மட்டும் முன்னாடியே பிரிச்சு வெட்டிடுங்க. இல்லைன்னா அது உருகி ஈயத்துல கலந்து அசிங்கம் பண்ணும்.

பல இழை சேர்த்து முறுக்குன லிட்ஸ் ஒயருக்கு (ஒயர்லெஸ் சார்ஜர் காயில்ல இருக்குமே, அது) இந்தச் சொட்டு வைத்தியம் தவிர வேற வழியே கிடையாதுன்னு சொல்வேன். அறுபது இழையையும் யாரு பிரிச்சுச் சொரண்டுறது? சொரண்டுனாலும் இருபது இழை விட்டுப்போகும். விட்டுப்போன இழை கரண்டைச் சுமக்காது. லிட்ஸ் வாங்குன காசு பாதி தண்டம்.

இப்ப பிளேடு. சொரண்டுறதுல என்ன பெரிய கலைன்னு நினைக்கறவங்கதான் அதிகமா கம்பியை முறிக்கறாங்க. பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சா அது சீவும், செம்புல வெட்டு விழும். வெட்டு விழுந்த இடத்துலதான் நாளைக்கு முறியும். செங்குத்தா நிறுத்தி, தன்னைப் பார்த்து இழுக்கணும். கீழே ஒரு மரத்துண்டோ பழைய மர ஸ்கேலோ இருக்கட்டும். ரெண்டு இழு, கால் திருப்பு திருப்பு. மறுபடி ரெண்டு இழு. நாலு பக்கமும் ஆகணும். வைண்டர் அண்ணன் பாஷையில, "கம்பிக்கு வலிக்காமச் சொரண்டோணும்". 30 கேஜுக்குக் கீழே போனா பிளேடை மறந்துட்டு, நைஸான எமரி பேப்பரை மடிச்சு, நடுவுல கம்பியை வச்சு, ரெண்டு விரலால லேசா அழுத்தி உருவுங்க. 400-ம் 600-ம் வீட்டுல இருந்தாப் போதும். மரவேலைக்காரங்க வச்சிருக்கற சொரசொர உப்புத்தாள் வேண்டாம், கம்பியையே தின்னுரும்.

சொரண்டுன உடனே ஈயம் பூசிடுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வச்சா விரல் வேர்வையும் காத்தும் சேர்ந்து அதை மறுபடி மங்க வச்சிரும்.

சொரண்டுறப்ப ஒரு அதிர்ச்சி வரலாம், முன்கூட்டியே சொல்லிடறேன். மேல பார்த்தா செம்புக் கலர், சொரண்டுனா உள்ளே வெள்ளை! விலை குறைஞ்ச சில மோட்டார்கள்ல அலுமினியக் கம்பி போடறாங்க. எனாமல் கலர்னால வெளிய இருந்து பார்த்தாச் செம்பு மாதிரியே இருக்கும். கையில எடுத்தாக் காட்டிக் குடுத்துரும். அதே அளவு செம்புல மூணுல ஒரு பங்கு எடைகூட இருக்காது. அலுமினியத்துல சாதாரண ஈயமும் ரோசினும் ஒட்டாது. எவ்வளவு சொரண்டுனாலும் ஒட்டாது. அழுத்திப் பிடிக்கற க்ரிம்ப் போட்டுக்கலாம், இல்லைன்னா ஒதுக்கி வச்சிடலாம். உக்கடம் பழைய சாமான் கடைகள்ல மோட்டார் வாங்கி உருவற நண்பர்கள் இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்து புகை. இதைப் பத்தி எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பிச்சேன்னு சொன்னாலும் தப்பில்லை.

பாலியூரித்தேன் சூட்டுல உடைஞ்சு விலகுதுன்னு மேல பெருமையாச் சொன்னேன் இல்லையா? உடைஞ்சு என்ன ஆகுது? எதுல இருந்து அதைச் செஞ்சாங்களோ, அதுல ஒரு பங்கா, ஐசோசயனேட்டா திரும்பி வருது. பேரைக் கேட்டதும் 1984 போபால் ஞாபகம் வந்தா ஆச்சரியம் இல்லை. அது மீத்தைல் ஐசோசயனேட், வேற பொருள். இங்க வர்ற அளவும் மிகச் சொற்பம். பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. ஆனா குடும்பம் ஒண்ணுதான். தொழில் சார்ந்த ஆஸ்துமாவுக்குப் பேர்போன பொருள் இந்த ஐசோசயனேட். இதுல இருக்கற வம்பு என்னன்னா, பல மாசம், பல வருசம் ஒண்ணும் பண்ணாது. ஒருநாள் உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் துளி பட்டாலே மூச்சு இழுக்கும். ரோசின் புகைக்கும் இதே குணம் உண்டு. நிறையப் பேர் ஈயம் ஆவியாகி மூக்குல ஏறும்னு பயப்படறாங்க. அயர்னு சூட்டுக்கு ஈயம் அப்படியெல்லாம் ஆவியாகாது. அது கை வழியா வாய்க்குப் போற சரக்கு. சோப்புப் போட்டுக் கை கழுவுனா முடிஞ்சுது. மூக்குக்கு வர்ற ஆபத்து புகைதான்.

சரி, சொட்டு வைத்தியத்துலயும் இதே புகை வருதே, அப்புறம் கொளுத்தறதை மட்டும் ஏன் திட்டறே? நியாயமான கேள்வி. சொட்டு முறையில எரியறது நாலஞ்சு மில்லிமீட்டர் நீளப் பூச்சு, தீ இல்லாம. லைட்டர்ல காட்டறப்ப ரெண்டு மூணு சென்டிமீட்டர் கருகும், அதுவும் முகத்துக்கு நேரா. நைட்ரஜன் கலந்த பூச்சுங்கறதால திறந்த தீயில எரியறப்ப கொஞ்சமா ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். அளவுதான் வித்தியாசம், ஒத்துக்கறேன். அதனாலதான் சொட்டு முறையிலயும் ஜன்னலைத் திறந்து வையுங்கன்னு கெஞ்சறேன். சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணைப் பக்கத்துல வச்சு, புகையை நம்ம முகத்துல இருந்து வெளிப்பக்கமா இழுக்கற மாதிரி திருப்பி வையுங்க. நம்மளைப் பார்த்து ஊதற மாதிரி இல்லீங்க!

வருசம் பூரா, ஒரு நாளைக்கு அம்பது நுனி கொளுத்தற வைண்டர் அண்ணனை நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கறதில்லை. நமக்காவது இது ஞாயித்துக்கிழமைப் பொழுதுபோக்கு. கடை உள்ளே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்கூட இருக்காது. வார்னிஷ் வாசம் போதாதுன்னு இதுவும். அவரு எருமுறதை நான் கேட்டிருக்கேன். காரணம் இதுதான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா "ஒரு ஃபேனை மாட்டுங்கண்ணா"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு வர்றேன். சிரிக்கறாரு.

வேற குறுக்கு வழிகளும் புழக்கத்துல இருக்கு. ஆஸ்பிரின் மாத்திரை மேல கம்பியை வச்சு அயர்னால அழுத்தறது பழைய ரேடியோக்காரங்க வித்தை. வேலை செய்யும், இல்லைன்னு சொல்லலை. மாத்திரை உருகி அசெட்டிக் அமிலப் புகை கிளம்பும். கண்ணுல மிளகாய்ப்பொடி தூவுன மாதிரி எரியும். மிச்சம் ஒட்டுன அமிலம் ஜாயிண்டை அரிக்கும். தலைவலிக்கு வாங்குன மாத்திரையில தலைவலி வாங்கறது இதுதான் :-) பெயிண்ட் ரிமூவர் ஊத்தறவங்க டப்பா மேல டைக்ளோரோமீத்தேன்னு இருந்தா திருப்பி வச்சிடுங்க. பெயிண்ட் உரிக்கறதுக்கு அதைப் பொதுமக்களுக்கு விக்கக் கூடாதுன்னு அமெரிக்காவுல 2019-லயே தடை போட்டுட்டாங்க. காஸ்டிக் சோடாவை உருக்கி அதுல முக்கலாம்னு யாராச்சும் சொன்னா அந்த இடத்தை விட்டு எந்திரிச்சு வந்திடுங்க. 318 டிகிரியில உருகற காரம், ஒரு துளி கண்ணுல தெறிச்சா கண்ணு போயிரும். இதுக்கு மேல அதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்லை.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்மூர்ல காலேஜுக்குக் குறைச்சல் இல்லை. ப்ராஜெக்ட் சீசன்ல எனக்குத் தெரிஞ்ச பசங்க யாராச்சும் ஒரு போர்டைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. மெட்டல் டிடெக்டர், ஒயர்லெஸ் சார்ஜர், எஃப்.எம். ட்ரான்ஸ்மிட்டர். "சர்க்யூட்டு சரியாத்தான் இருக்குண்ணா, ஆனா ஓடலை." நான் முதல்ல பார்க்கறது காயில் நுனியைத்தான். பாதிக் கருப்பு, பாதி எனாமல், மேல ஈயம் ஒரு தொப்பி மாதிரி கவுந்து கெடக்கும். மீட்டர்ல வச்சா 'பீப்'னு சத்தமும் வரும். அங்கதான் ஏமாறுவாங்க. ஏதோ ஒரு புள்ளியில செம்பு தொட்டுக்கிட்டு இருந்தாலே மீட்டர் கத்திரும். அந்த ஒரு புள்ளியால சோதனைக் கரண்டு போகும், வேலை செய்யற கரண்டு போகாது. கொஞ்சம் சூடானா, லேசா அசைஞ்சா விட்டிரும். மீட்டரை மட்டும் நம்பாம, ஒரு லென்ஸை வச்சு ஈயம் கம்பியைச் சுத்தித் தழுவியிருக்கா, இல்லை உருண்டையா உக்காந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் லேசா ஒருக்கா இழுத்துப் பாருங்க.

போன தடவை வந்த பையன் ரெண்டு வாரமா ப்ரோக்ராமை மாத்தி மாத்தி எழுதியிருந்தான். ட்ரான்ஸிஸ்டரை மூணு தடவை மாத்தியிருந்தான். "எனக்கு எலெக்ட்ரானிக்ஸே வராது போலண்ணா, பேசாம சாஃப்ட்வேர்க்கே போயிடறேன்"னு வேற சொன்னான். நுனியை வெட்டிட்டு, எமரி பேப்பர்ல நாலு இழு இழுத்து, ஈயம் பூசி வச்சோம். மொத்தம் அஞ்சு நிமிசம். ஓடுச்சு. அவன் மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. லைட்டர்ல காட்டச் சொன்னது யாருடான்னு கேட்டேன். "எல்லாரும்தாண்ணா சொன்னாங்க"ன்னான்.

டிஸ்கி: போர்வெல்ல எறக்கற சப்மெர்சிபிள் மோட்டார்ல தண்ணிக்குள்ளயே ஓடற வைண்டிங் இருக்கும். அந்தக் கம்பிக்கு மேல பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுத்திச் சுத்திப் போட்டிருப்பாங்க, தொட்டா வழவழன்னு இருக்கும். அதுக்கு மேல சொன்ன சொட்டு வைத்தியம் செல்லாது. ஃபிலிமைப் பிளேடால கீறிப் பிரிச்சு எடுங்க. கீழே எனாமல் இருக்கா, வெறும் செம்பான்னு ஒருக்கா சொரண்டிப் பார்த்துட்டு அப்புறம் ஈயத்தை எடுங்க.